பதின்மூன்றாவது பைட்டில் ஒரு பொய்

இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் ஒரு சிறு ஹெட்டர் உண்டு. ஐபி நான்காம் பதிப்பில் அதன் அளவு குறைந்தது 20 பைட். ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு ‘பிங்’ செய்யும்போது கிளம்பும் பாக்கெட்டின் முதல் 20 பைட்டுகளை எண்களாக எழுதினால் இப்படி இருக்கும்:

69 0 0 84 0 0 64 0 64 1 78 109 192 0 2 1 198 51 100 7

முதலில் உள்ள 69 இரண்டு செய்திகளைச் சுமக்கிறது: இது நான்காம் பதிப்பு என்பது ஒன்று, ஹெட்டரில் நான்கு பைட் வரிகள் ஐந்து இருக்கின்றன என்பது இன்னொன்று. 84 என்பது பாக்கெட்டின் மொத்த நீளம். ஒன்பதாவது இடத்தில் உள்ள 64, இந்த பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்பதற்கான வரம்பு. அடுத்துள்ள 1, உள்ளே இருப்பது ஐசிஎம்பி செய்தி என்கிறது. 78, 109 இரண்டும் சேர்ந்து செக்சம். பதின்மூன்றாவது பைட்டிலிருந்து நான்கு எண்கள் அனுப்புநர் முகவரி: 192.0.2.1. கடைசி நான்கும் பெறுநர் முகவரி. இந்த அத்தியாயத்தில் வரும் முகவரிகள் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. எந்தக் கணினிக்கும் உரியவை அல்ல.

இப்போது பதின்மூன்றாவது பைட்டில் கை வைப்போம். 192.0.2.1 என்பதை அழித்துவிட்டு 203.0.113.9 என்று எழுதுகிறோம். முகவரி மாறியதால் பழைய செக்சம் பொருந்தாது. ஹெட்டரைப் பதினாறு பிட் எண்களாகப் பிரித்துக் கூட்டி, வழிந்த மிச்சத்தை மறுபடி கூட்டி, வந்த விடையை 65,535-லிருந்து கழித்தால் புதிய செக்சம் கிடைக்கிறது: 212, 100. அந்த இரண்டு பைட்டையும் திருத்திவிட்டால் வேலை முடிந்தது. இந்த ஹெட்டரை எந்த ரவுட்டர் சோதித்தாலும் கணக்கு சரியாகவே வரும். கம்பியில் நேரும் பிழையைப் பிடிப்பதற்காக வைத்த கணக்கு அது. ஆள் சொல்லும் பொய் அதன் கண்ணில் படாது.

பாக்கெட் கைக்கு வந்ததும் ரவுட்டர் செய்யும் வேலை மிகக் குறைவு. பெறுநர் முகவரியைப் பார்க்கிறது, தன் வழிப்பட்டியலில் அதற்கான வாசலைத் தேடுகிறது, 64-ஐ 63 ஆக்குகிறது, செக்சத்தைத் திருத்துகிறது, வெளியே தள்ளுகிறது. அனுப்புநர் முகவரி இந்த வேலை எதற்கும் தேவையில்லை. பெறுபவர் பதில் எழுத வேண்டுமே என்பதற்காக மட்டுமே அந்த நான்கு பைட்டுகள் ஹெட்டரில் இருக்கின்றன. ஆகவே ஐபியைப் பொறுத்தவரை அனுப்புநர் முகவரி என்பது அனுப்புபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூற்று. நெட்வொர்க் பார்த்து உறுதி செய்த உண்மை அல்ல. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கடந்த நாற்பது ஆண்டுகளின் பெரிய இணையத் தாக்குதல்களில் பலவும், அவற்றுக்கு எதிரான அழகான தற்காப்புகளும் எளிதாக விளங்கும்.

இந்த நெறிமுறையை ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக 1981 செப்டம்பரில் தொகுத்து வெளியிட்டவர் ஜான் போஸ்டல். அனுப்புநரைச் சரிபார்க்க அன்று வழி செய்யாதது கவனக்குறைவு என்று சொல்வது நியாயமல்ல. இணையத்தின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான டேவிட் கிளார்க், தங்கள் குழு எதை முதன்மையாகக் கருதியது என்பதை 1988-இல் ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார். நெட்வொர்க்கின் சில பகுதிகள் அழிந்தாலும் தொடர்பு தொடர வேண்டும் என்பது அந்த வரிசையின் தலையில் இருந்தது. யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்குக் கேட்கும் திறன் கடைசியில் இருந்தது. அது ராணுவப் பணத்தில், ராணுவத் தேவைக்காக உருவான நெட்வொர்க். வணிகத்துக்காக உருவாகியிருந்தால் வரிசை தலைகீழாகியிருக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. நடுவழியில் இருக்கும் ரவுட்டரால் நினைத்தாலும் சரிபார்க்க முடியாது. இணையத்தில் போகும் பாதை ஒன்று, திரும்பும் பாதை வேறொன்று என்பது சர்வசாதாரணம். ஒரு முகவரிக்குப் போக வேண்டிய பாக்கெட்டை நான் கிழக்கு வாசலில் அனுப்புகிறேன் என்பதால், அந்த முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டும் கிழக்கு வாசலில்தான் வர வேண்டும் என்று ஒரு மைய ரவுட்டர் முடிவு கட்டினால், நேர்மையான பாக்கெட்டுகளையே ஏராளமாகக் கொன்றுவிடும்.

சாதாரண நிரல்களுக்கு இந்த ஹெட்டரைத் தொடும் வாய்ப்பே இல்லை. பிரவுசரோ மின்னஞ்சல் செயலியோ ஒரு சாக்கெட்டைத் திறந்து, இந்த முகவரிக்கு இந்தத் தரவை அனுப்பு என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் சொல்கிறது. ஹெட்டரைக் கெர்னல்தான் எழுதுகிறது. அனுப்புநர் இடத்தில் தன் சொந்த முகவரியைப் போடுகிறது. கெர்னலின் இந்த உதவி வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லும் வழிதான் ரா சாக்கெட்.

ரா சாக்கெட்டின் தொடக்கம் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் நெட்வொர்க் கோளாறு ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தபோது பிங் நிரலை எழுதினார். நீர்மூழ்கிகள் பயன்படுத்தும் சோனாரின் ஒலிதான் அந்தப் பெயர். அதற்காகக் கெர்னலிலும் அவர் மாற்றங்கள் செய்தார். நிரலையும் அந்த மாற்றங்களையும் பெர்க்லி யுனிக்ஸ் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். வான் ஜேக்கப்சன் 1987-இல் எழுதிய டிரேஸ்ரூட்டும் இதே பாதையில் வந்தது. அந்த 64 என்ற எண்ணை 1, 2, 3 என்று வேண்டுமென்றே குறைத்து வைத்து அனுப்பி, எந்த ரவுட்டரில் பாக்கெட் சாகிறது என்று பார்த்துப் பாதையைக் கண்டுபிடிக்கும் கருவி அது. இன்று நெட்வொர்க் பொறியாளர் எவரும் தினமும் எடுக்கும் இந்த இரண்டு கருவிகளுமே, ஹெட்டரின் அருகே போக அனுமதி இருந்ததால் பிறந்தவை.

லினக்ஸில் ரா சாக்கெட்டைத் திறந்து, ஹெட்டரை நானே தருகிறேன் என்ற விருப்பத்தை இயக்கினால், கெர்னல் இரண்டு இடங்களை எப்போதும் தானே நிரப்பும்: மொத்த நீளம், செக்சம். அனுப்புநர் முகவரியை நீங்கள் பூஜ்யமாக விட்டிருந்தால் தன் முகவரியைப் போடும். ஏதாவது எழுதியிருந்தால் அப்படியே விட்டுவிடும். நாம் கையால் கணக்குப் போட்ட 212, 100-ஐ, பொய் முகவரிக்கும் சேர்த்து, கெர்னலே சிரத்தையாகக் கணக்கிட்டுத் தருகிறது என்று பொருள்.

இதற்கு ரூட் அனுமதியோ அதற்கு இணையான சிறப்புரிமையோ வேண்டும். ஆனால் அந்தப் பூட்டு ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தது. சொந்தக் கணினி வைத்திருப்பவர் எல்லோருமே ரூட்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் முழு ரா சாக்கெட் வசதி வரவிருந்தபோது, இது தாக்குதல்களைப் பெருக்கும் என்று ஸ்டீவ் கிப்சன் என்ற நிரலாளர் 2001-இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரா சாக்கெட் வழியே டிசிபி தரவை அனுப்ப முடியாது. பொய் முகவரியோடு யுடிபியும் அனுப்ப முடியாது. இதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதே என் கருத்து. கணினி தன் உரிமையாளரின் கையில் இருக்கும்வரை, இன்னும் ஒரு படி கீழே இறங்கி ஈதர்நெட் அடுக்கிலேயே பாக்கெட்டைக் கட்டி அனுப்ப வழி இருக்கும்.

பொய் முகவரியோடு அனுப்புவதில் அனுப்புபவருக்கு ஒரு பெரிய நஷ்டம் உண்டு: பதில் அவருக்கு வராது. பொய்யாகச் சொன்ன முகவரிக்குப் போய்விடும். டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. முதல் செய்திக்குப் பதில் தரும் சர்வர், அதில் ஒரு தொடர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் இணைப்பு உறுதியாகும். முகவரியைப் பொய்யாகச் சொன்னவர் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. யாரும் திட்டமிடாமலே டிசிபிக்கு ஓர் அடையாளச் சோதனை அமைந்துவிட்டது. ஆனால் எண்ணை ஊகிக்க முடியாமல் இருந்தால்தான் அது சோதனை.

பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் மாரிஸ் 1985-லேயே இந்த ஓட்டையைக் காட்டினார். அன்றைய பெர்க்லி யுனிக்ஸில் தொடர் எண் நேரத்தோடும், ஒவ்வொரு இணைப்போடும் நிலையான அளவில் ஏறிக்கொண்டு போனது. 1989-இல் ஸ்டீவன் பெலோவின் இதையும் இதன் உறவான பல பலவீனங்களையும் விரிவான கட்டுரையாக எழுதினார். பிறகு ஐந்து ஆண்டுகள் பெரும்பாலோர் இதை ஏட்டுச் சுரைக்காயாகவே நினைத்திருந்தார்கள்.

1994 டிசம்பர் 25. அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில் ஆய்வாளர் ட்சுடோமு ஷிமொமுராவின் கணினிகள் இரண்டு. ஒன்று சர்வர், மற்றொன்று எக்ஸ் டெர்மினல். சர்வரின் முகவரியிலிருந்து வருபவரிடம் எக்ஸ் டெர்மினல் பாஸ்வேர்ட் கேட்காது. தாக்கியவர் முதலில் சர்வரின் உள்நுழைவு போர்ட்டுக்கு இணைப்புக் கோரிக்கைகளைக் கொட்டி அதன் வாயை அடைத்தார். பொய்யாகத் தொடங்கப்போகும் உரையாடலுக்கு உண்மையான சர்வர், இதை நான் கேட்கவே இல்லையே என்று மறுப்புச் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு எக்ஸ் டெர்மினலுக்கு இருபது இணைப்புக் கோரிக்கைகள் அனுப்பி, தொடர் எண் ஒவ்வொரு முறையும் சரியாக 1,28,000 ஏறுவதைக் கவனித்தார். அது போதும். சர்வரின் முகவரியைப் போட்டு ஒரு கோரிக்கை. பதிலைப் பார்க்காமலே, வந்திருக்க வேண்டிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி ஓர் ஒப்புதல். அதன் பின்னாலேயே ஒரு கட்டளை. எங்கிருந்து யார் வந்தாலும் நம்பு என்ற வரியை நம்பிக்கைக் கோப்பில் சேர்க்கும் கட்டளை அது. முதல் பொய் பாக்கெட்டிலிருந்து எல்லாம் முடிய 16 விநாடிக்கும் குறைவு என்று ஷிமொமுரா பதிவுகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டினார். அவர் தொடங்கிய தேடல்தான் 1995 பிப்ரவரியில் ஹேக்கர் கெவின் மிட்னிக்கின் கைதில் முடிந்தது.

இதற்கு மருந்து சுலபமாகவே கிடைத்தது. தொடர் எண்ணை யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்கும் முறையை 1996-இல் பெலோவின் முன்வைத்தார். டிசிபியில் முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் அடைபட்டது.

பதிலே தேவைப்படாத தாக்குதலுக்கு அந்த மருந்து உதவாது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் இணைய சேவை நிறுவனமான பேனிக்ஸ் மீது, தாறுமாறான பொய் முகவரிகளோடு டிசிபி முதல் செய்திகள் வெள்ளமாக வந்தன. சர்வர் ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பிவிட்டு, மூன்றாவது செய்திக்காக நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருந்தது. அது வரப்போவதே இல்லை. இடங்கள் தீர்ந்தன, உண்மையான வாடிக்கையாளர் வெளியே நின்றார். அதே மாதத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன தீர்வு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சர்வர் எதையுமே நினைவில் வைக்க வேண்டாம் என்றார் அவர். இணைப்பின் விவரங்களையும் ஒரு ரகசியத்தையும் கலந்து கணக்கிட்டு, அதையே தொடர் எண்ணாக அனுப்பிவிட வேண்டும். நேர்மையானவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் கணக்கைச் சரிபார்த்து உள்ளே விடலாம். பொய்யருக்கு அந்த எண் போய்ச் சேராது, அவருக்காகச் செலவான நினைவகமும் இல்லை. பதிலைப் பார்க்க முடியாது என்ற பொய்யரின் நஷ்டத்தையே முழுத் தற்காப்பாக மாற்றிவிட்டார்.

யுடிபிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதில் அறிமுகப் பேச்சே கிடையாது. ஒரு கேள்வி வந்தால் ஒரு பதில், அவ்வளவுதான். மொட்டைக் கடிதத்தில் பெயர் இருக்காது. இங்கே நடப்பது அதைவிட மோசம், பிடிக்காதவரின் பெயரில் ஊரெல்லாம் கடிதம் போட்டு, பதில்கள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் குவியும்படி செய்வது. கேள்வி சிறியதாகவும் பதில் பெரியதாகவும் இருந்துவிட்டால் தாக்குபவரின் பலம் பல மடங்காகிறது. 2014-இல் கணினிகளின் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வர்கள் இதற்குப் பயன்பட்டன. அண்மையில் என்னிடம் நேரம் கேட்டவர்கள் யார் யார் என்று 600 முகவரிகள் வரை பட்டியல் தரும் ஒரு பழைய கட்டளை அவற்றில் இருந்தது. அமெரிக்க அரசின் எச்சரிக்கை அந்தப் பெருக்கத்தை ஏறத்தாழ 557 மடங்கு என்று கணித்தது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வந்து விழுந்தது. அதைத் திருப்பிவிட்டவை மெம்கேஷ்டி என்ற நினைவகச் சேமிப்பு சர்வர்கள். பெருக்கம் 51,000 மடங்கு வரை. அவற்றில் யுடிபி யாரும் கேட்காமலே திறந்திருந்தது. அதன் பிறகே அந்த மென்பொருளில் யுடிபியை மூடி வைப்பது வழக்கமானது.

இந்தத் தாக்குதல்களைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அந்த டெராபிட் எண்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அத்தனை பெரிய எண்ணுக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு செயல்: யாரோ ஓரிடத்திலிருந்து பதின்மூன்றாவது பைட்டில் பொய் எழுதி அனுப்பினார்கள், அவர்களின் நெட்வொர்க் அதை வெளியே விட்டது.

பொய்யும் தடம் விடும் என்று காட்டியவர்கள் டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டீபன் சாவேஜ் மூவரும். தாக்குபவர் முகவரிகளைத் தாறுமாறாகப் பொறுக்கிப் போட்டால், தாக்கப்பட்டவரின் பதில்களும் உலகெங்கும் தாறுமாறாகச் சிதறும். கலிஃபோர்னியாவில் முகவரி வெளியின் 256-இல் ஒரு பங்கு ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்தது. அங்கே கணினிகளே இல்லாததால், கேட்காத பதில் ஒன்று வந்து விழுந்தால் எங்கோ யாரோ அடிவாங்குகிறார் என்று பொருள். விழுந்ததை 256-ஆல் பெருக்கினால் தாக்குதலின் அளவும் தெரியும். 2001 பிப்ரவரியில் மூன்று வாரங்கள் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, 5,000-க்கும் மேற்பட்ட இலக்குகள் மீது 12,000-க்கும் அதிகமான தாக்குதல்களைக் கண்டார்கள். அதுவரை இணையம் முழுவதற்குமாக இப்படி ஒரு கணக்கை எடுக்க வழியே தெரியாமல் இருந்தது.

பொய் முகவரியால் நல்லதும் செய்யலாம். டிரேஸ்ரூட் நம்மிடமிருந்து போகும் பாதையைத்தான் காட்டும். எதிர்முனையிலிருந்து நம்மிடம் திரும்பி வரும் பாதை இருட்டில்தான் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈதன் காட்ஸ் பாசெட்டும் உடனிருந்தவர்களும் 2010-இல் அந்தப் பாதையைப் பார்க்க ஒரு வழி சொன்னார்கள். கடந்து வந்த ரவுட்டர்களின் முகவரியைக் குறித்துக்கொள்ளும் ஒரு விருப்பம் ஐபி ஹெட்டரில் உண்டு. அதில் ஒன்பது இடங்கள் மட்டுமே. தொலைவிலிருக்கும் நாம் பிங் அனுப்பினால் போகும் வழியிலேயே ஒன்பதும் நிரம்பிவிடும். ஆகவே எதிர்முனைக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு கணினியை நம் முகவரியைப் போட்டு பிங் அனுப்பச் சொல்கிறோம். போகும் வழியில் சில இடங்களே செலவாகின்றன. பதில் பொய் முகவரிக்காரரான நம்மிடம் கிளம்புகிறது, மிச்சமுள்ள இடங்களில் திரும்பும் பாதையின் முதல் ரவுட்டர்களைக் குறித்துக்கொண்டு வருகிறது. அங்கிருந்து அடுத்த துண்டு, அதிலிருந்து அடுத்தது. ரவுட்டர் பெறுநரை மட்டுமே பார்க்கிறது என்பதால்தான் இப்படித் துண்டு துண்டாகத் தைத்த பாதையை நம்ப முடிகிறது. சொந்த முகவரிக்கு, சொந்தச் சம்மதத்தோடு சொன்ன பொய் என்பதால் யாருக்கும் கேடில்லை.

மற்ற பொய்களைத் தடுக்க முடிந்த இடம் விளிம்பு மட்டுமே. ஒரு வாடிக்கையாளருக்கு எந்த முகவரிகளைக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருடைய சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அந்த முகவரிகள் இல்லாத பாக்கெட் அவர் பக்கத்திலிருந்து வந்தால் அதே வாசலில் எறிந்துவிடலாம். பால் ஃபெர்குசனும் டேனியல் செனியும் இதை 1998-இல் எழுதினார்கள். 2000 மே மாதம் அது பிசிபி 38 என்ற பரிந்துரை ஆயிற்று. வீடுகளில் உள்ள மோடம் ரவுட்டர்கள் முகவரியை மாற்றி எழுதுவதால் பல பொய்கள் வாசலிலேயே உதிர்ந்துவிடுகின்றன. தரவு மையங்களிலும் வாடகை சர்வர்களிலும் அந்தத் தற்செயல் பாதுகாப்பு இல்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த வடிகட்டியை வைப்பவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. செலவு அவருடையது, பலன் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாதவருக்கு. தன் நெட்வொர்க்கில் முழுமையாக வடிகட்டி வைத்தவரையும், வைக்காத இன்னொருவரின் நெட்வொர்க்கிலிருந்து கிளம்பும் பொய் வந்து தாக்கும். பிசிபி 38 கால் நூற்றாண்டாகப் பரிந்துரையாகவே இருப்பதற்கு இதைத்தான் காரணம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அளவீடுகள் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

எம்ஐடியில் ராபர்ட் பெவர்லி 2005-இல் தொடங்கிய ஸ்பூஃபர் திட்டம் இப்போது சான் டியாகோவில் கெய்டா மையத்தில் நடக்கிறது. தன்னார்வலர் ஒரு நிரலைத் தன் கணினியில் நிறுவுகிறார். அது பொய் முகவரியோடு சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி, எவை வெளியே போய்ச் சேர்ந்தன என்று பார்க்கிறது. எதிர்த்திசையிலும் சோதிக்கிறது: வெளியிலிருந்து வரும் ஒரு பாக்கெட், நான் உள்ளூர்க் கணினி என்று உள்முகவரியைச் சொல்லிக்கொண்டு நுழைய முடிகிறதா? ஷிமொமுரா விஷயத்தில் நடந்த வகைப் பொய் இது. இதை வாசலில் தடுக்கும்படி அமெரிக்காவின் செர்ட் அமைப்பு 1995 ஜனவரியிலேயே எச்சரித்தது. இந்த வடிகட்டி, அதை வைப்பவரையே காப்பது. சுயநலம் ஒன்றுதான் காரணம் என்றால் இது எங்கும் இருக்க வேண்டும். சோதித்த நெட்வொர்க்குகளில் பெரும்பான்மையானவற்றில் இதுவும் இல்லை.

ஆக, நலன் யாருக்கு என்ற கேள்விக்கும் முன்னால், குறை இருப்பதே தெரியாமல் போவதுதான் சிக்கலாகப் படுகிறது. வடிகட்டி இல்லாத நெட்வொர்க்கில் எதுவும் பழுதாவதில்லை, எந்த விளக்கும் சிவப்பாவதில்லை, எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்வதில்லை. யாராவது வேண்டுமென்றே ஒரு பொய்யை அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். கெய்டா மையம் அதைச் செய்கிறது. பொய்யை வெளியே விட்ட நெட்வொர்க்கின் பொறுப்பாளர்களுக்கு முதலில் எழுதுகிறது, பிறகு முடிவுகளைத் தன் தளத்தில் நெட்வொர்க் வாரியாக வெளியிடுகிறது. பிந்தைய சோதனையில் அதே நெட்வொர்க்கிலிருந்து பொய் வெளியே வரவில்லை என்றால், திருத்திக்கொண்டவர்களின் பட்டியலில் அதைச் சேர்க்கிறது.